ஏழாவது பதிலாளர்

முதல் வகுப்பில் பேராசிரியர் எங்களை வட்டமாக உட்காரவைத்து, இந்தப் படிப்புக்கு ஏன் வந்தீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். சமயம், பண்பாடு, சமூகம் என்று மூன்றையும் ஒரே முதுகலைப் பட்டத்துக்குள் அடைத்த படிப்பு அது. நாங்கள் பதினோரு பேர். பாதிரிப் பயிற்சியைப் பாதியில் விட்டு வந்த ஒருவர், வேலை போன ஒரு பத்திரிகைக்காரர், மற்றபடி என்னைப் போல வேறு எதிலும் இடம் கிடைக்காதவர்கள். நான் உண்மையையே சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவருக்கு நாற்பத்து நான்கு வயது. பெரிய மருத்துவமனை ஒன்றின் பதிவறையில் இருபது வருட வேலை. "எங்க ஆஸ்பத்திரிப் படிவத்துல மதம்னு ஒரு கட்டம் இருக்கு சார். தெனம் நூறு பேருக்கு அதை நிரப்புறேன். அப்படி என்னதான் எழுதிட்டிருக்கேன்னு தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்" என்றார். பேராசிரியர் அசந்துபோனார். அந்த வாக்கியத்தை அடுத்த இரண்டு வருடமும் புதிய மாணவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அது அழகான பதில்தான். உண்மையான பதில் இல்லை என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

அன்று முதல் அவர் எங்களுக்குப் பதிவறை அக்கா.

அக்காவின் அறையை ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கிறேன். தரைத்தளத்துக்கும் கீழே, சன்னல் இல்லாத நீள அறை. இரும்பு அலமாரிகளில் கோப்புகள் கூரைவரை இருக்கும். ஒரு எண்ணைச் சொன்னால் எழுந்து போய்க் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பவர் போல எடுத்து வருவார். காலாவதியான படிவங்களை நாலாகக் கிழித்து, பின்பக்கத்தில் பாடக் குறிப்பு எழுதுவார். வகுப்பில் நாங்கள் எல்லாம் வாய்க்கு வந்ததை அளக்கும்போது, அவர் அந்தத் துண்டுச் சீட்டுகளைப் புரட்டி, "நீ போன வாரம் நேர்மாறா சொன்னியேம்மா" என்பார். எங்களுக்கு அவரிடம் பயம் கலந்த பிரியம்.

இரண்டாம் வருடம் ஆய்வேட்டுக்குக் களப்பணி செய்ய வேண்டும். நான் எங்கள் தெருவிலேயே ஒரு வழிபாட்டிடத்தைப் பிடித்துக்கொண்டேன். அக்கா 'இல்லம்' என்ற இடத்தைத் தேர்ந்தெடுத்தார்.

இல்லம் என்பது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பழைய துணிக் கிடங்கு. அறுபது பேர் அதில் சேர்ந்து வாழ்ந்தார்கள். சாம்பல் நிற உடை, காலையும் மாலையும் மௌனம், பகல் முழுக்க வேலை. ஓட்டல்களின் விரிப்புகளையும் துண்டுகளையும் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கும் சலவைக்கூடம்தான் அவர்களுக்குப் பிழைப்பு. அங்கே சேருகிறவர் தன் உறவுகளை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். அண்ணன், தங்கை, அம்மா என்ற சொல்லே உள்ளே கிடையாது. எல்லோரும் எல்லோருக்கும் 'நீங்க'. வீட்டு ஆட்கள் தேடி வந்தால் கதவு திறக்காது. பத்திரிகைகள் இரண்டு தடவை பரபரப்பாக எழுதிவிட்டு மறந்துவிட்டன. யாரையும் அடித்ததாகவோ அடைத்து வைத்ததாகவோ புகார் இல்லை. போனவர்கள் திரும்பி வரவில்லை, அவ்வளவுதான்.

களப்பணிக்குமுன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக்குழுவுக்கு ஒரு படிவம் கொடுக்க வேண்டும். நூலகத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துதான் நிரப்பினோம். பதினான்காவது கேள்வி: ஆய்வு செய்யும் குழுவில் உங்கள் உறவினர் யாரேனும் உண்டா? அக்கா 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டார். பேனா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

வியாழக்கிழமை அவருக்கு வார விடுமுறை. வியாழன்தோறும் போனார். இல்லத்தின் பொறுப்பாளர் ஒரு காலத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், மிகவும் மரியாதைக்காரர். பன்னிரண்டு பேரைப் பதிலாளர்களாக அவரே தேர்ந்து, வரிசை எண் போட்டு, ஒவ்வொருவரையும் மூன்று அமர்வுகள் பேசவிட்டார். சலவைக்கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் இரண்டு நாற்காலிகள், ஒரு மேசை. அக்கா ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்துக் கேட்பார்.

அந்தப் பதிவுகளை எழுத்தாக்கியது நான். எனக்குத் தட்டச்சு வேகம் அதிகம். அக்காவுக்கு இரண்டு விரல்தான் ஓடும். பதிலுக்கு அவர் என் அத்தியாயங்களைத் திருத்திக் கொடுத்தார். ஆறு பேர்வரை ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. ஏழாவது பதிலாளரின் பதிவைக் கேட்க ஆரம்பித்த ஐந்தாவது நிமிடத்தில் எனக்குக் கை நின்றுவிட்டது.

கேட்பது யார், சொல்வது யார் என்று பிரித்து எழுத முடியவில்லை. இரண்டும் ஒரே குரல். ஒன்று கொஞ்சம் இளமை. இருவரும் வாக்கியத்தை முடிக்கும்போது மூச்சை உள்ளே இழுத்து 'ஆமா' என்றார்கள்.

"உங்களுக்குக் கூடப் பொறந்தவங்க யாராவது உண்டா?"

பின்னணியில் சலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"இருந்தாங்க."

"எத்தனை பேர்?"

"ஒருத்தங்க."

"அவங்க எப்படிப்பட்டவங்க?"

"நல்லவங்க. கொஞ்சம் அளவுக்கு மிஞ்சி நல்லவங்க. எனக்கு எந்தச் செருப்பு பொருந்தும்னுகூட அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. அவங்க சொன்னது எதுவும் தப்பாப் போனதில்ல. அதான் கஷ்டம். ஆமா."

"அதனாலதான் கெளம்பி வந்தீங்களா?"

"கோவிச்சுக்கிட்டு வரல. அங்க நான் எப்பவும் ஒருத்தருக்குப் பொண்ணு, ஒருத்தருக்குத் தங்கச்சி. நாளைக்கு இன்னொருத்தருக்குப் பொண்டாட்டி. இங்க நான் யாருக்கும் எதுவும் இல்ல. மொதல்ல பயமா இருந்துச்சு. அப்புறம் நல்லா தூக்கம் வந்துச்சு."

அடுத்த கேள்வி வருவதற்குள் அக்கா தொண்டையை மூன்று தடவை செருமினார். தட்டச்சு விதிப்படி அதையும் அடைப்புக்குறிக்குள் போட்டேன்.

மறுநாள் உணவகத்தில் அவரை மடக்கினேன். "அக்கா, ஏழாவது ஆளு யாரு?"

அவர் மறைக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவரின் முகம் அவருக்கு இல்லவே இல்லை. அந்தப் படிவத்தில் மட்டும் எப்படி முடிந்ததோ.

"தங்கச்சிதான்" என்றார். "என்னைவிட எட்டு வயசு சின்னவ."

அப்பா சீக்கிரமே போய்விட, தங்கையைப் படிக்கவைத்து, வேலை வாங்கிக் கொடுத்து, மாப்பிள்ளை பார்த்தது வரை எல்லாம் இவர்தான். அவளுக்கு முடித்துவிட்டுத் தன் கல்யாணத்தைப் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டு, அது தள்ளியே போய்விட்டது. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது தங்கை இரண்டு வரி எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டாள். 'நல்லா இருக்கேன். தேட வேண்டாம்.' ஆறு வருடம் ஆயிற்று.

"பதினோரு தடவை அந்த வாசல்ல போய் நின்னிருக்கேன். அக்காவா போனா கதவைத் திறக்க மாட்டேங்கறாங்க. மாணவியா போனா நாற்காலி போட்டு டீ குடுக்குறாங்க. நீயே சொல்லு, நான் என்ன பண்ணட்டும்?"

"அதுக்காகத்தான் இந்தப் படிப்புலயே சேர்ந்தீங்களா?"

"அவ போன இடம் எனக்குப் புரியணும்ல. நானும் புத்தகம் புத்தகமா படிச்சுப் பாத்துட்டேன். மனுஷங்க ஏன் இப்படிப் போறாங்கன்னு நாப்பது காரணம் எழுதியிருக்கு. நாப்பதுலயும் அவ இல்ல."

பேராசிரியரிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். இன்னும் ஒரே ஒரு அமர்வுதான், முடிந்ததும் சொல்கிறேன் என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன். அவர்மேல் இருந்த பரிவுதான் காரணம் என்று அப்போது நினைத்தேன். அடுத்த பதிவைக் கேட்கும் ஆவலும் இருந்தது. அதை இப்போது ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த ஒரு அமர்வுக்கு முன்னால் அம்மா விழுந்தார்.

அக்காவின் அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. படுத்த இடத்தில் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. அக்கா வேலை பார்த்த அதே மருத்துவமனையில், மூன்றாம் மாடியில் சேர்த்தார்கள். இடைவேளையில் அக்கா கீழிருந்து மாடிக்கு ஓடுவார், திரும்ப இறங்குவார். அம்மாவின் படிவத்தையும் அவரே நிரப்பிக் கோப்பில் வைத்தார். ஆறு வருடமாக அம்மா கேட்டுக்கொண்டிருந்தது ஒரே கேள்விதான். "அவளப் பாத்தியா?"

அந்த வியாழக்கிழமைப் பதிவு பதினாறு நிமிடம். முதல் பன்னிரண்டு நிமிடம் ஒழுங்காகப் போயிற்று. இல்லத்தில் ஒரு நாள் எப்படிக் கழியும், விரிப்பை எப்படி மடிப்பார்கள், ஈரம் சரியாக இருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்ப்பது எப்படி என்றெல்லாம் தங்கை விவரமாகச் சொன்னாள். ஓரிடத்தில் சிரித்தாள்கூட. பிறகு அக்காவின் குரல் வேறாகிவிட்டது.

"அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க. டாக்டர் கைய விரிச்சுட்டாரு. ஒரே ஒரு தடவ வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போயிடு. அப்புறம் உன்னை நான் எதுவும் கேக்க மாட்டேன்."

மூன்று அமர்விலும் 'நீங்க' என்று பேசிவந்தவர் அப்போதுதான் 'உன்னை' என்றார்.

சலவை இயந்திரம் ஓடி நின்றது. பிறகு தங்கையின் குரல், ஏற்ற இறக்கமே இல்லாமல்.

"இந்தக் கேள்வி உங்க பட்டியல்ல இருக்கா?"

"இல்ல."

"அப்போ நான் பதில் சொல்ல வேண்டியதில்ல."

நாற்காலி நகரும் சத்தம். பேச்சு முடிந்தது என்று நினைத்துக் கையை எடுத்தேன். இன்னும் முடிந்திருக்கவில்லை.

"எவ்வளவு நல்லாப் போயிட்டிருந்துச்சு. நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன். நடுவுல புகுந்து திருத்தல. எப்படி இருக்கணும்னு சொல்லித் தரல. இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது நாம இப்படிப் பேசியிருக்கோமா? அதையும் கெடுத்துட்டீங்க."

அடுத்த புதன்கிழமை துறைக்கு ஒரு கடிதம் வந்தது. ஆய்வு செய்ய வந்தவர் தன் உறவை மறைத்து வந்தார், என் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதி, ஏழாவது பதிலாளர் கையெழுத்துப் போட்டிருந்தாள். பொறுப்பாளர் அதன் கீழே ஒரே வரியில், மற்ற பதினோரு பேரின் சம்மதமும் இதனுடன் விலக்கப்படுகிறது என்று சேர்த்திருந்தார்.

விசாரணை அரைமணி நேரம்தான் நடந்தது. அக்கா எதையும் மறுக்கவில்லை. தட்டச்சு செய்தவள் என்று என்னையும் கூப்பிட்டார்கள். எனக்கு முன்பே தெரியும் என்று சொல்ல வாயெடுத்தபோது அக்கா குறுக்கிட்டு, "அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றார். நான் அதை அப்படியே விட்டுவிட்டேன். தன் தலைக்குமேல் வெள்ளம் போகும்போதும் அடுத்தவரைக் கரையேற்றும் பழக்கம் அவரைவிட்டுப் போகவில்லை. தங்கை எதைவிட்டு ஓடினாள் என்பது அந்த அரைமணி நேரத்தில் எனக்குக் கொஞ்சம் புரிந்தது. தப்பித்துக்கொண்டதில் சந்தோஷம், கூடவே மூச்சு முட்டல்.

வெளியே வந்ததும் பேராசிரியர் அக்காவிடம் வருத்தத்தோடுதான் பேசினார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா? சொந்தக் குடும்பத்தையே ஆய்வு பண்ணினவங்க எத்தனை பேர் இருக்காங்க. முன்கூட்டியே எழுதிக் குடுத்திருந்தா நானே முறைப்படி அனுமதி வாங்கிக் குடுத்திருப்பேனே."

"அக்கான்னு எழுதிக் குடுத்தா அவங்க கதவத் திறப்பாங்களா சார்?"



தீர்ப்பு இதுதான்: பத்து நாளுக்குள் களத்தில் திரட்டிய எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும். புத்தகங்களை மட்டும் வைத்து வேறு ஆய்வேடு எழுதலாம். ஒரு பருவம் தள்ளிப்போகும்.

நான்காம் நாள் மாலை, பார்வையாளர் நேரத்தில், அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனார். பையில் ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. பதிலாளரின் குரலை வெளியாருக்குப் போட்டுக் காட்டுவது இன்னொரு விதிமீறல். இருவருக்கும் அது தெரியும். நான் திரையை இழுத்துவிட்டு வெளிப்பக்கம் பார்த்து நின்றுகொண்டேன்.

அக்கா கடைசி அமர்வின் முதல் பன்னிரண்டு நிமிடத்தை மட்டும் ஓடவிட்டார். விரிப்பு மடிப்பது, கன்னத்தில் வைத்து ஈரம் பார்ப்பது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தங்கை சிரித்த இடத்தில் அவர் உதடும் லேசாக விரிந்தது.

"சளி பிடிச்சிருக்கு போல. மூக்கடைச்சுப் பேசறா."

"ஆவியில நிக்கிற வேலைம்மா."

"சாப்பாடெல்லாம் நல்லாப் போடுறாங்களா?"

"நல்லாத்தான் இருக்கா. உடம்பு போட்டிருக்கு."

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. பிறகு, "என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?" என்றார்.

"சொன்னா" என்றார் அக்கா. "ரொம்ப நேரம் சொன்னா. சின்ன வயசுல காய்ச்சல் வந்தப்ப ராத்திரியெல்லாம் நீ அவ கால அமுக்கி விட்டுட்டே இருப்பியாம். அந்தக் கை இன்னும் ஞாபகம் இருக்குன்னா."

"அப்படியா சொன்னா?" அம்மாவின் கை விரிப்பின்மேல் அசைந்தது. "எனக்கே மறந்துபோச்சு."

மூன்று அமர்வுகளையும் ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்தவள் நான். ஒருத்தருக்குப் பொண்ணு என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னதோடு சரி. அம்மாவைப் பற்றி அவள் வேறு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

அதற்கு மூன்றாம் நாள் காலையில் அம்மா போய்விட்டார். அக்கா இல்லத்துக்குத் தொலைபேசியில் சொன்னார். பொறுப்பாளர் வழக்கமான மரியாதையோடு, "வருந்துறேம்மா. செய்தியைச் சேர்த்துடுறோம்" என்றார். பகல் பன்னிரண்டுக்கு எடுப்பதாக இருந்தது. அக்கா மூன்று மணிவரை தள்ளிப் போட்டார். உறவினர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். "வரமாட்டான்னு தெரிஞ்சும் எதுக்குடி காத்துக்கிடக்கணும்?" என்று அத்தை ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார். அக்கா வாசலையும் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. மூன்று அடித்ததும் தானே எழுந்து, "எடுங்க" என்றார்.

பத்தாம் நாள் துறை அலுவலகத்தில் அழிப்பு நடந்தது. கணினிப் பொறுப்பாளர் பட்டியலைப் படிக்கப் படிக்க, அக்கா ஒவ்வொரு பதிவாக அழித்தார். ஏழாவது எண் வந்தபோது கணினி வழக்கம்போல 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. கணினிக்காரர் பரிதாபப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நான் தண்ணி குடிச்சுட்டு வர்றேன்" என்று எழுந்து போனார். ஒரு பிரதி எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் போயிருக்க வேண்டும். அவர் திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது.

"ஏன்க்கா?" என்று பிறகு கேட்டேன்.

"வேண்டாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கால்ல. அந்த ஒரு பேச்சையாவது கேப்போமேன்னுதான்."

என் கணினியில் இருந்த பிரதியை நானும் அன்று மாலை அழித்தேன். மனசில் இருப்பதை அழிக்க வழியில்லை. அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். இதுவும் ஒரு விதிமீறல்தான் என்று தெரியும்.

அக்கா நூலகத்தில் உட்கார்ந்து புதிய ஆய்வேடு ஒன்றை எழுதி முடித்தார். குடும்பத்தைத் துறந்து போகிறவர்களைப் பற்றி இதுவரை அறிஞர்கள் என்னென்ன சொல்லியிருக்கிறார்கள் என்ற மதிப்பீடு. நூற்று நாற்பது பக்கத்தில் ஓர் எழுத்துப் பிழை இல்லை. தேர்வாளர் ஓரத்தில் எழுதியிருந்தார்: 'தகவல்கள் முழுமை. எழுதியவர் என்ன நினைக்கிறார் என்பது மட்டும் எங்கும் தெரியவில்லை.' இரண்டாம் வகுப்பில் தேறினார். பட்டமளிப்புக்கு வரவில்லை, அஞ்சலில் வாங்கிக்கொண்டார். பதவி உயர்வுக்கு அந்தப் பட்டம் செல்லாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். "சாமியாரப் பத்திப் படிச்சா சம்பளம் ஏறுமா?" என்று சக ஊழியர் கிண்டல் செய்ததாகச் சொல்லிச் சிரித்தார்.

போன மழைக்காலத்தில் ஒரு மதியம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். பதிவறை வாசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், நனைந்த குடையோடு நின்றிருந்தார். அவருடைய ஒரே மகன் இல்லத்தில் சேர்ந்து இருபது நாள் ஆகியிருந்தது. பல்கலைக்கழகத்தில் விசாரித்ததில், இதைப் பற்றிப் படித்தவர் இங்கே இருக்கிறார் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அக்கா அவரை உட்காரவைத்து, துடைத்துக்கொள்ளத் துண்டு கொடுத்தார்.

"எதுக்கும்மா போனான்? நாங்க என்ன கொற வெச்சோம்?" என்று அந்தப் பெண் கேட்டார். "நீங்க அதுக்குன்னே பெரிய படிப்பு படிச்சவங்களாமே."

நான் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மேசைமேல் இருந்த கோப்பை மூடி ஓரமாக வைத்தார்.

"நீங்க ஒண்ணும் கொற வெச்சிருக்க மாட்டீங்க. கோவத்துல போயிருக்க மாட்டான்" என்றார். "உள்ள யாரும் அடிக்க மாட்டாங்க, பட்டினி போட மாட்டாங்க. வேலை இருக்கும். தூக்கம் வரும். வாசல்ல போய் நின்னு கத்தாதீங்க, திறக்க மாட்டாங்க."

"திரும்பி வருவானா?"

"எனக்குத் தெரியாதும்மா."

அந்தப் பெண் துண்டை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

"இவ்வளவு படிச்சும் இவ்வளவுதானா?" என்று கேட்டார். அதில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இவ்வளவுதாம்மா" என்றார் அக்கா.

அந்தப் பெண் குடையை எடுத்துக்கொண்டு படியேறிப் போனார். அக்கா அடுத்த கோப்பைத் திறந்தார்.